வீரய்யா நின்ற ஓரம்

பதுளைக் கடைத்தெருவில் அஷ்பாக்கின் மணிக்கூட்டுக் கடைக்குப் போய் ஒரு பழைய விமானத்தின் பெயரைச் சொன்னால் போதும், உங்கள் மணிக்கூடு அன்றைக்குத் திருத்தி வராது. ஆதிகாலத்து விமானங்களின் தபாலட்டை, புகைப்படம் என்று நானூற்றுச் சொச்சம் சேர்த்து வைத்திருந்தார். ஆட்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், இறக்கைகள் மறக்காது.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், சாமிப் படங்களோடு ஓர் இரட்டை இறக்கை விமானமும் தொங்குகிறது என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினார். கொழுந்து பறித்து ஓய்ந்த விஜயலெட்சுமியின் வீடு அது. ஒருகாலத்தில் தோட்டத்து மைதானத்தில் வந்திறங்கிய விமானத்தைக் கயிறு கட்டி இழுத்தவர்களில் அவளுடைய தாத்தா வீரய்யாவும் ஒருவர். படத்தின் வலது ஓரத்தில் தலைப்பாகையோடு நின்றார். அவருக்கு வேறு படமே கிடையாது. கண்ணாடி எப்போதோ உடைந்துபோனதால், வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் நேராகப் படத்திலேயே, அவர் முகத்தில் தடித்துக் கிடந்தன.

துப்புரவாக்கி, புதுக் கண்ணாடி போட்டு, அமாவாசைக்கு முன் தருவதாக அஷ்பாக் வாக்குக் கொடுத்தார். உதவி என்றுதான் சொன்னார். உண்மையில் அந்தப் படம் நாலு நாளாவது தன் மேசையில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். அவள் நம்பி, ஒரு சேலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

கடைக்கு வந்ததும் போனில் படமாக எடுத்துத் தள்ளி, சேகரிப்பாளர் குழுவில் போட்டார். பாராட்டு குவிந்தது. பிறகு, ஓரத்துக் கறை அசிங்கமாக இருக்கிறதே என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அழுத்தித் துடைத்தார். குங்குமம் என்று தெரியாதவரா? தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது கறையாகத்தான் தெரிந்தது. பஞ்சில் முதலில் சிவப்பு வந்தது, அப்புறம் கருப்பு வந்தது. தலைப்பாகைக்குக் கீழே வெறும் வெள்ளைதான் மிஞ்சியது.

படம் பழசு, தானாக உதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என பஸ் பயணம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பொய்க்கு வேலையே வரவில்லை. விஜயலெட்சுமி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“கண்ணாடி இல்லாம பொட்டு வச்சு வச்சு, நாங்களே அழிச்சிட்டோங்க மொதலாளி” என்றாள்.

அஷ்பாக்குக்கு அப்பாடா என்று ஒரு கணம் மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்ததும் உடம்பே கூசிப்போனது. அவள் வைத்த தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

“இல்லக்கா. நான்தான் தொடச்சேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போனில் எடுத்து வைத்திருப்பீங்களே, அதில் தாத்தா இருப்பாரே என்று ஆசையாகக் கேட்டபடி பக்கத்தில் வந்தாள்.

அஷ்பாக் போனைத் தடவினார். முன்விசிறி. சக்கரம். மேல் இறக்கை, கீழ் இறக்கை. முப்பத்தொரு படம், ஒன்றில்கூட வீரய்யா இல்லை. கடைசிப் படத்தில் இறக்கையின் நுனியோரம் கயிற்றைப் பிடித்த ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது.

“இது அவரு கைதானுங்களே?”

ஆமாம் என்றார்.

“அமாவாசைக்கு ரெண்டு நாள் இருக்கு. இந்தக் கையையாச்சும் பெருசாக்கிக் குடுங்க மொதலாளி. பொட்டு வைக்கணும்.”

அஷ்பாக் தலையாட்டினார். குனிந்த தலையை அவரால் நிமிர்த்த முடியவில்லை.