கன்சிலுக்குக் கண் திறப்பு

விமலாவின் வீட்டில் அந்த வருஷம் கண் கெட்டுப்போனது காடிக்குத்தான் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் விமலாவே. பழைய வெள்ளைக் கன்சில் கார். அதன் முன்விளக்கு இரண்டும் மங்கிவிட்டன, விடியற்காலையில் பாதையே தெரியவில்லை என்று ஒருநாள் பசியாறும்போது கணவரிடம் சொன்னாள். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தட்டில் தோசை எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்குக் கொஞ்ச காலமாகவே நிச்சயமில்லாமல் இருந்தது.

அதற்கு வெகுநாள் முன்பே, இருமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, சின்ன ஆப்பரேஷன்தான், பயப்பட வேண்டாம் என்றார். விமலா நன்றி சொல்லிவிட்டு இருமல் மருந்தோடு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆப்பரேஷனுக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் அதற்கு முன்பும் பின்பும் நடப்பதைப் பற்றித்தான். அவளுடைய அக்கா மங்கம்மா கோலா கிளாவாங்கில் மகனோடு இருக்கிறாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று தெரிந்த அன்றே மகன் அவளுடைய மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் மருமகள் கத்தியை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். பிறகு அடுப்புப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். எல்லாம் அன்பாகத்தான். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, அக்கா ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். சாவி மட்டும் திரும்பி வரவில்லை. "எதுக்கும்மா ஒங்களுக்கு, எங்க போகணும்னு சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்லா" என்றான் மகன். அக்கா இப்போது பளிச்சென்ற கண்களோடு நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விமலா ரெம்பாவில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை செய்தாள். இருட்டோடு கிளம்பினால்தான் பிள்ளைகளுக்குப் பசியாறல் தயாராகும். வீட்டிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போய்ப் பெடாஸ் சாலையில் ஏறவேண்டும். அந்த அரை மணி நேரத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் ஒரு பெயர், விடுதிப் பிள்ளைகளுக்கு மலாயில் 'மக்சிக்', அத்தை, என்று ஒரு பெயர். நடுவில் இருந்த செம்மண் பாதையில் அவளுக்குப் பெயரே கிடையாது. சில நாள் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். சில நாள் செத்துப்போன மாமியாரோடு சண்டை போட்டு ஜெயிப்பாள். பெரும்பாலும் எதையுமே நினைக்க மாட்டாள். எதையும் நினைக்காமல் இருக்க அவளுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை.

ஆகவே மெதுவாக ஓட்டினாள். சைக்கிள்காரர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். ஒரு காலை, பாதையில் மாடு நிற்கிறதென்று காடியை நிறுத்திக் காத்திருந்தாள். ஹார்ன் அடித்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "போம்மா, நேரமாச்சு" என்று கெஞ்சினாள். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தபோது வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியல். அன்றைக்குத்தான் குற்றத்தை விளக்கின்மேல் போட்டாள். யாரையாவது இடித்துவிடுவோம் என்ற நடுக்கம் அவளுக்குள் இருந்தது. அந்த நடுக்கத்துக்கு வெளிச்சத்தை விலையாகக் கொடுத்துவிடலாம் என்று நம்பினாள்.

ரவிச்சந்திரன் உடனே ஒப்புக்கொண்டார். அதுதான் அவளுக்கு ஆச்சரியம். அவள் சொல்லும் எதையும் இரண்டு நாள் மறுத்துவிட்டு மூன்றாம் நாள் தன் யோசனையாகச் சொல்லும் மனுஷர்.

"நானும் பாத்தேன், மங்கலாத்தான் இருக்கு" என்றார். "நாந்தான் ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பற்பசையைத் துணியில் பிதுக்கி விளக்குக் கண்ணாடியைத் தேய்த்தார். காடி முன்பக்கம் புதினா மணம் வீசியது. பார்வை தெளியவில்லை. இருவரும் பெடாஸில் அமீனின் கடைக்குப் போனார்கள். அமீன் காடிச் சாமான் கடை வைத்திருக்கும் இளைஞன். ஜபருல்லா பாயின் கடைசி மகன்.

அவன் பழைய பல்பைக் கழற்றிப் பார்த்தான். "இது நல்லாத்தானே எரியுதுக்கா."

"நீ பகல்ல பாக்குற தம்பி. எல்.ஈ.டி. போடு. இருக்கறதுலயே வெள்ளையா."

"ரொம்ப வெள்ளை மழைக்கும் பனிக்கும் ஆகாது. அப்பறம், இந்தக் கிண்ணம் பழைய பல்புக்குன்னு செஞ்சது. இதுக்குள்ள எல்.ஈ.டி. வெச்சா வெளிச்சம் செதறும், எதுத்தாப்புல வரவன் கண்ணு போயிரும்."

"எதுத்தாப்புல வரவன் கண்ணப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் ரவிச்சந்திரன். சிக்னல் விளக்குக்கும் அதையே போடச் சொன்னார்.

சிக்னல் போட்டதும் அது படபடவென்று பைத்தியம் பிடித்தாற்போல் துடித்தது. புது பல்பு கரண்டைக் குறைவாக இழுப்பதால் பல்பு செத்துவிட்டது என்று காடி நினைத்துக்கொள்கிறது, ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அடங்கிவிடும் என்றான் அமீன். "இருக்கட்டும்லா, சுறுசுறுப்பா இருக்கு" என்று ரவிச்சந்திரன் சொல்லிவிட்டார். தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் படபடக்கும் அந்தக் காடியின்மேல் விமலாவுக்கு இரக்கம் வந்தது.

மறுநாள் காலை பாதை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. தோட்டத்துப் பனியில் அந்த வெளிச்சம் முட்டி அவள் கண்ணுக்கே திரும்பி வந்தது. முன்பு மங்கலாகத் தெரிந்த மரங்களும் இப்போது இல்லை. எதிரே மோட்டாரில் வந்தவர்கள் இறங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு, தப்புச் செய்தவர்கள்போல் ஓரமாக நின்றார்கள். கூலி வீடுகளில் சேவல்கள் கூவின; மனிதர்கள் பல் விளக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பி, பாதி வழியில் இருட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு காட்டுப்பன்றி காடிக்கு முன்னால் வெகுநேரம் அசையாமல் நின்றது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். விமலாவுக்கு அது தெரியாது. அவள் நின்றதே வேறு எதற்கோ.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் ரவிச்சந்திரன். சாயந்திரம் கடைக்குப் போக அவரும் அந்தக் காடியைத்தான் எடுப்பார்.

"தேவலை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தா நல்லது."

"அதேதான் நானும் நெனச்சேன்."

இதைவிடப் பெரியதாக இன்னொரு ஜோடி வாங்கி, இந்த முறை தானே பொருத்துவேன் என்று அவர் உட்கார்ந்தார். பல்பின் இரண்டு முகமும் இரண்டு பக்கவாட்டைப் பார்க்க வேண்டும், மேலும் கீழும் பார்க்கக்கூடாது என்று அமீன் சொல்லி அனுப்பியிருந்தான். அவர் வெகுநேரம் தடவித் தடவி மாட்டினார். மாட்டி முடித்தபோது வெளிச்சம் செம்பனை உச்சிகளுக்குப் போயிற்று. பாதை இருட்டாகவும் வானம் பகலாகவும் ஆனது. வளைவில் மேட்டின்மேல் இருந்த முனியாண்டி கோயிலின் முகத்தில் நாள்தோறும் விடியுமுன் அது அறைந்தது.

நாலாவது நாள் பூசாரி சன்னாசி வாசலில் வந்து நின்றார். பழைய மண்டோர், தோட்டத்து ஆட்களை மேய்த்த கங்காணி. கோயிலையும் வேலைக்காட்டை நடத்தியதுபோலவே நடத்துபவர்.

"ரவி, சாமி தூங்க வேணாமா?"

"என்னண்ணே?"

"ராவெல்லாம் காவல் சுத்திட்டு அப்பத்தான் வந்து படுக்குது. நீ லைட்ட மொகத்துலயே அடிக்கிற. புதுசாக் கண்ணு மாத்துனீங்களே, கண் தொறப்பு செஞ்சீங்களா?"

"அண்ணே, அது காடி."

"செலைக்குக் கண்ணு தொறந்தா மொதப் பார்வை எது மேல விழணும்? கண்ணாடி மேல. அந்தப் பார்வைய மனுசன் தாங்க மாட்டான். நீ நேரா சாமி மேலயே விட்டுட்ட. ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. வெள்ளிக்கிழமை காடியக் கொண்டா. அந்த பாய் பையனையும் வரச் சொல்லு."

"அவன் எதுக்கு?"

"கண்ணு வெச்சவன் நிக்கணும்லா. ஸ்தபதி இல்லாம எப்படி?"

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் கோயிலுக்கு முன்னால் தோட்டத்தில் மிச்சமிருந்த குடும்பமெல்லாம் கூடிவிட்டது. கன்சிலுக்கு மாலை போட்டு, விளக்குகளை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள். தள்ளி ஒரு ரம்புத்தான் மரத்தடியில் அமீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நான் பல்புதான் வித்தேன் அண்ணே" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருந்தான்.

சன்னாசி தன் வீட்டு அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆளுயரக் கண்ணாடி. காடிக்கு முன்னால் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ம், தொற" என்றார். ரவிச்சந்திரன் உள்ளேயிருந்து விசையைத் தட்டினார், யாரோ துணியை உருவினார்கள்.

கண்ணாடியில் பட்ட வெளிச்சம் கூட்டத்தின்மேல் திரும்பியது. கனம் தாங்காமல் சன்னாசியின் கை நடுங்கியதால், அது ஒருவரையும் விடாமல் இடமிருந்து வலமாக எல்லார் முகத்தையும் வரிசையாகத் துடைத்துக்கொண்டு போனது. எல்லாரும் கண்ணை மூடியும் திறந்தும் பார்த்தார்கள். "எனக்குப் பச்சையாத் தெரியுது" என்றாள் ஒருத்தி. ஒருவருக்கொருவர் தோளைத் தடவி யாரென்று கேட்டுக்கொண்டார்கள். காடிக்குள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விமலாவுக்கு ஒரு அபூர்வமான நிம்மதி உண்டானது. ஊரே அவள் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

சன்னாசி கண்ணை மூடியபடியே கண்ணாடியை மரத்தில் சாய்த்துவிட்டு, டயருக்கு முன்னால் என்று அவர் நினைத்த இடங்களில் எலுமிச்சம்பழங்களை வைத்தார். "நசுக்கு ரவி."

ரவிச்சந்திரன் கியரைப் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார், "பழம் எங்க இருக்கு, சொல்லு."

"ஒங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது. நீ சொல்லு."

"தெரிஞ்சா நான் எதுக்கு சொல்லணும்?"

"ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு நல்லதுலா."

அவள் பார்த்தாள். எல்லாமே மஞ்சளாக இருந்தது. ஒரு வருஷமாகப் பழகிய குரலில், "கொஞ்சம் லெஃப்ட்டு" என்றாள்.

அவர் அந்தக் கணமே இடப்பக்கம் திருப்பினார். வாதம் செய்யவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, முழு நம்பிக்கையோடு திருப்பினார். கண் தெரிந்த எந்த மனுஷனும், அதிலும் இந்த மனுஷன், அடுத்தவர் சொல்லுக்கு இப்படித் திரும்ப மாட்டான். அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் பெரிய சத்தத்தோடு ஏதோ நொறுங்கியது.

"நல்லா நசுங்குச்சு" என்றார் சன்னாசி கண்ணை மூடியபடி. "போதும்." கூட்டம் கைதட்டியது. நசுங்கியது அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி.

"என்னா அது?" என்றார் ரவிச்சந்திரன்.

"பழம்."

"பழம் இவ்ளோ சத்தம் போடாது விமலா."

இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டாள்.

எது என்று அவர் கேட்கவில்லை. "போன தீபாவளிக்கு முன்ன. ஒனக்கு?"

"அதுக்கும் முன்ன."

"ஏன் சொல்லல?"

"சாவிய வாங்கி வெச்சுக்குவீங்க."

அவர் சிரித்தார். சத்தமில்லாமல், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. "நீ வாங்கிக்குவேன்னு நான் பயந்தேன்லா."

ஒரு வருஷமாக அவள் ராத்திரி படுக்கும்போதெல்லாம் அவர் கையை நீட்டிச் சாவியைக் கேட்பதுபோல நினைத்து நினைத்து அவரிடம் கோபப்பட்டிருந்தாள். அவர் உடனே ஒப்புக்கொண்டதை வயசான பிறகு வந்த பிரியம் என்றுகூட ஒரு பலவீனமான நேரத்தில் நம்பியிருந்தாள். கோபத்துக்கும் பிரியத்துக்கும் ஆதாரமில்லை. ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள், கண் தெரியாமல்.

அமீன்தான் காடியை வீட்டுக்கு ஓட்டினான். கிளம்புமுன் பல்பைத் திருப்பிச் சரியாக வைத்தான். "ரோடு தெளிவாத் தெரியுதேண்ணே" என்றான் வழியில். "பழைய பல்புலயும் தெரிஞ்சிருக்குமே, என்னா கொறைன்னு மாத்துனீங்க?" பின்சீட்டில் இருந்த இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து விமலா விடுதிக்கு லீவு போட்டாள். கன்சில் வாசலில், ரவிச்சந்திரனின் பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதலில் நாள் கிடைத்தது. ஒரு கண், பிறகு இன்னொன்று. ரவிச்சந்திரனுக்கு ரத்தத்தில் சீனி கூடியிருந்தது. அது இறங்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

கண் திரும்பியதும் விமலா முதலில் அடுப்பின் அழுக்கைப் பார்த்தாள். பிறகு தன் முகத்தை. அதோடு அதிக நேரம் இருக்கவில்லை. பிறகு அவரை. அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுக்கொண்டு வெந்நீர் ஊற்றினார். சட்டையின் பித்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். படியில் கால் வைக்குமுன் காலால் தேடினார். இவ்வளவையும் எப்போதிலிருந்து செய்கிறார்? அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கத்தியை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது.

அவள் மறுபடி வேலைக்குப் போய் வந்த ஒரு நாள், சாயந்திரம், ரவிச்சந்திரன் வெளியே மோட்டார் பக்கத்தில் குனிந்து நின்றார். சாவித் துவாரத்தைச் சாவியால் தேடிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தட்டிப் பார்த்தார். விமலா வெளியே வந்து ஈரக் கையை நீட்டினாள்.

"சாவியக் கொடுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"எதுக்குங்க ஒங்களுக்கு. எங்க போகணும்னு சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

குரல் மிகவும் அன்பாக இருந்தது. அது அவளுக்கே கேட்டது.

"எங்கயும் இல்ல" என்றார் அவர். அவள் முகத்துக்குச் சற்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். "சும்மா ஒரு சுத்து."

இந்தச் சும்மாவை அவளுக்குத் தெரியும். கூட ஆள் வந்தால் அது சும்மா இல்லை. அவருக்கும் அப்படியொன்று வேண்டியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பாதையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். கையைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று நினைத்தாள். கை நீட்டியபடியே இருந்தது.

அவர் அந்தக் கையைத் தேடிக் கண்டுபிடித்து, சாவியை அதில் வைத்தார். பிறகு மோட்டார்மேல் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு பாதைப் பக்கம் பார்த்தார். விமலா வாசலில் நின்றாள். அவர் முதுகில் சட்டை கசங்கியிருந்த இடங்கள்கூட அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ ஒரு வளைவு வந்ததுபோல, அவர் உடம்பை லேசாக இடப்பக்கம் சாய்த்தார்.