அதையும் அவன் சொன்னான்

நெகேசா சொல்லிக்கொடுத்து உலகத்தில் ஒருவன் உருப்பட்டான் என்றால் அது முகாம்பிதான். உருப்பட்டவன் அவள் தலையிலேயே கல்லைப் போட்டான் என்பது வேறு விஷயம்.

இரண்டு பேரும் நைரோபியில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வகுப்பு, நிதிப் படிப்பில் கடைசி வருடம். எங்காவது மூன்று மாதம் பயிற்சி முடித்துக் கடிதம் கொண்டுவந்தால்தான் பட்டம். இல்லாவிட்டால் ஒரு வருடம் அம்போ. நெகேசா பதினேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பதினாறு இடத்திலிருந்து மூச்சுப்பேச்சில்லை. மாமன் டைரக்டராகவோ சித்தப்பன் அமைச்சகத்திலோ இருந்திருந்தால் எல்லாரும் ஓடிவந்து பதில் எழுதியிருப்பார்கள். அவள் அப்பாவோ புங்கோமாவில் கரும்பு லாரி ஓட்டுகிறவர். அவர் பேரைச் சொன்னால் கரும்பு ஆலைக் கதவு வேண்டுமானால் திறக்கும். பதினேழாவது இடம் மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வெஸ்ட்லாண்ட்ஸில் ஒரு முதலீட்டு வங்கி. பங்கு ஆய்வுப் பிரிவில் இந்த வருடம் ஒரே ஒரு இடம். அதே வங்கியிலிருந்து முகாம்பிக்கும் கடிதம் வந்தது.

"சேர்ந்தே தயார் பண்ணலாம் நெகேசா. நான் உன்னைக் கேக்கறேன், நீ என்னைக் கேளு. யாருக்குக் கிடைக்கணும்னு இருக்கோ அவங்களுக்குக் கிடைக்கட்டும்," என்றான் அவன். பேச்சில் தேன் ஒழுகும் அவனுக்கு.

ஒரு மாதம் கேன்டீன் மூலை மேஜையில் உட்கார்ந்தார்கள். டீயும் மந்தாசிப் பணியாரமும் உள்ளே போகப் போகக் கேள்விகள் வெளியே வரும். தேய்மானம் பத்து ஷில்லிங் ஏறினால் மூன்று கணக்கறிக்கையிலும் என்ன மாறும்? ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கினால் எப்போது லாபம், எப்போது தண்டம்? கடன் வாங்கி வாங்குவது நல்லதா, பங்கு கொடுத்து வாங்குவது நல்லதா? கம்பெனிகளை வாங்கி விற்பதைப் பார்க்கும் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு இதோடு முடிந்தது. ஆய்வுப் பிரிவுக்குப் போகிறவர்களுக்குத்தான் கடைசியில் ஒரு இடி: "ஒரு பங்கைச் சொல். வாங்கலாமா, விற்கலாமா? ஏன்?"

இதற்கு வகுப்பில் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. பெரிய வங்கி ஒன்று, பெரிய டெலிபோன் கம்பெனி ஒன்று, பத்திரிகையில் வந்த நாலு வரி. முகாம்பியும் அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். நெகேசா மட்டும் சோங்கா பால் கம்பெனியை எடுத்தாள். விற்பனை பதினெட்டு சதவீதம் ஏறிவிட்டதாகக் கம்பெனி அறிக்கை சொன்னது. அவள் குடியிருக்கும் கயோலேயில் கடைக்காரர்கள் சோங்கா பால் ஓடவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்வது பொய்?

கால் தேயத் தேய நடந்தாள். கயோலே, உமோஜா, பைப்லைன் என்று நாற்பத்து மூன்று கடை. ஒவ்வொரு கடையிலும் எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை புளித்துப்போய்க் கிடக்கிறது என்று வாராவாரம் எண்ணினாள். விவரம் தெரிந்தது. முன்பெல்லாம் விற்காத பாலைக் கம்பெனி வண்டி திருப்பி எடுத்துக்கொண்டு போகும். பதினோரு வாரமாக எடுப்பதில்லை. ஏஜென்ட் தலையில் கட்டுகிறார்கள், அவன் கடைக்காரர் தலையில் கட்டுகிறான், கம்பெனி அதை விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. அடுத்த வருடம் குட்டு உடைபடும். அதற்குள் விற்றுவிடு. இதுதான் அவளுடைய பதில்.

அந்தக் கல்லூரியில் தயாராகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடம் மாறிப் பேசுவது. என் பேச்சை நீ பேசு, நான் அதிகாரியாக உட்கார்ந்து கேட்கிறேன். நம் பேச்சு வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கிறது, எங்கே ஓட்டை என்று அப்போதுதான் தெரியும். எல்லாரும் செய்வார்கள். நெகேசாவும் செய்தாள், வாரத்துக்கு மூன்று நாள்.

"அந்த எடத்துல அவசரப்படாத. 'பதினோரு வாரம்'னு சொல்லிட்டு நிறுத்து. அவங்க முகத்தைப் பாரு. அப்புறம் பேசு," என்று அவனைத் திருத்தினாள். அவன் நிறுத்தினான், முகத்தைப் பார்த்தான், பேசினான். அவளைவிட நன்றாகவே பேசினான். அவளுக்கு அதில் பெருமை வேறு. பைத்தியக்காரி!

ஆங்கிலப் பெயர் வரிசைப்படி முகாம்பிக்குக் காலை பதினோரு மணி, நெகேசாவுக்கு மத்தியானம் இரண்டு மணி. ஒன்றே காலுக்கே போய் வரவேற்பறையில் உட்கார்ந்தாள். அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது: "சுலபம்தான். பயப்படாதே. கடவுள் துணை."

உள்ளே இரண்டு பேர். ஆய்வுப் பிரிவின் தலைவி மேடம் அவுமா, ஐம்பது வயது, கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். பக்கத்தில் கியோகோ என்ற இளைஞன், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். தேய்மானக் கேள்வி வந்தது, போனது. கடைசியில் அந்தக் கேள்வியும் வந்தது.

"சோங்கா பால் பங்கை விக்கச் சொல்வேன் மேடம். விற்பனை பதினெட்டு சதவீதம் ஏறினதா சொல்றாங்க. ஆனா பதினோரு வாரமா..." நெகேசா நிறுத்தினாள். அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

கியோகோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "பதினோரு வாரமா விக்காத பாலைக் கம்பெனி திருப்பி எடுக்கலை. அதானே?"

"ஆமா மேடம். உங்களுக்கு எப்படி..."

"காலையில ஒரு பையன் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை இதேதான். இதே எடத்துல நிறுத்தினான், இதே மாதிரி எங்க மூஞ்சியைப் பாத்தான். ரெண்டு பேர்ல யாரு யாரைப் பாத்து எழுதினது?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. அதற்குக் கொம்பைச் சீவிவிட்டதும் அவளேதான். அவன் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது, ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

"நான் எழுதினது மேடம். அவன் திருடன்."

"அவனைக் கேட்டா உன்னைச் சொல்வான்."

"என் வாதத்துல எங்கெங்க ஓட்டைன்னு கேளுங்க. எழுதினவங்களுக்குத்தான் தெரியும். என் கடைங்க எல்லாம் ஏழைங்க இருக்கற ஏரியா. பணக்கார ஏரியாவுல பால் நல்லா ஓடலாம்."

"அதையும் அவன் சொன்னான்," என்றான் கியோகோ.

"மழை நாள்ல மாடு நிறையக் கறக்கும், உதிரிப் பால் விலை குறையும். அதனாலயும் தேங்கலாம்."

"அதையும் சொன்னான்."

"போட்டிக் கம்பெனி..."

"சொன்னாம்மா. மூணு ஓட்டையும் சொன்னான், மூணையும் அடைச்சும் காட்டினான். நல்லாவே பேசினான்."

சொல்லாமல் என்ன! ஒரு மாதமாக அந்த ஓட்டைகளைத் தேடித்தேடிக் குத்தினவனே அவன்தானே. அவள் அடைத்தாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் இருந்தது எல்லாம் அவனிடமும் இருந்தது. இத்தனை நாள் உழைப்பில் தனக்கென்று ஒரு வரிகூட மிச்சமில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுதால் செத்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து மேஜை மேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, பாலை எண்ணினது யார் என்று கடைக்காரியே சொல்லட்டும் என, கயோலேயில் கடை வைத்திருக்கும் தபித்தா அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, நீயா!" என்று போன் அலறியது. "மறுபடி பால் எண்ண வந்துட்டியா? ஒரு மாசமா எண்ணறியே, ஒரு பாக்கெட் காசு குடுத்து வாங்கியிருப்பியா? உன்னைப் பாத்தா சோங்காக்காரன் மாடு கூட மடியை மூடிக்கும்!"

கியோகோ சத்தமாகவே சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. புளிச்ச பாக்கெட் இந்த வாரம் எத்தனை கெடக்கு?"

"ஒண்ணும் இல்ல."

நெகேசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது?"

"முந்தாநாள் வண்டி வந்துச்சு. பழசு எல்லாத்தையும் மூட்டை கட்டி அள்ளிக்கிட்டுப் போயிட்டான். கெட்டுப்போனதுக்கெல்லாம் பணம் வாபஸ்னு சீட்டு வேற எழுதிக் குடுத்தான். பழைய ஏஜென்டைத் தூக்கிட்டாங்களாம், ஒண்ணாம் தேதியிலேர்ந்து புது ஆளாம். நல்லதுதானே? நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி பேசற?"

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று போனை வைத்தாள்.

"அப்போ உன் கதை முடிஞ்சுது," என்றார் மேடம். "கம்பெனி பாலைத் திருப்பி எடுத்துக்குது. உன் வாதமே போச்சு."

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்!" அதிகாரியிடம் பேசும் குரலே இல்லை அது. உமோஜாவில் ஒரு கடை, பைப்லைனில் ஒரு கடை என்று இன்னும் இரண்டு இடத்துக்குப் போட்டாள். இரண்டிலும் அதே பதில். வண்டி வந்தது, அள்ளியது, சீட்டுக் கொடுத்தது. மேஜையில் கிடந்த காகிதத்தை இழுத்து, கேட்காமலே கியோகோவின் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"ஏஜென்டை மாத்தினா பழைய கணக்கை முடிச்சுத்தான் ஆகணும். முடிக்கறாங்க. பதினோரு வாரமா விற்பனைன்னு எழுதினது எல்லாம் இந்த மாசமே திரும்பி வருது. அரையாண்டு எப்ப முடியுது? இந்த மாசக் கடைசி. அடுத்த வருஷம் குட்டு உடையும்னு சொன்னேன், தப்பு. இந்த அரையாண்டுலயே உடையும். லாபம் சும்மா குறையாது மேடம், மொத்தமா துடைச்சுக்கிட்டுப் போயிடும். அடுத்த வருஷம்னு காத்திருந்தா மோசம் போயிடுவோம். இன்னும் ஆறு வாரத்துல அரையாண்டுக் கணக்கு வெளிய வரும், அதுக்குள்ள விக்கணும்." காகிதத்தை அவர்கள் பக்கம் தள்ளினாள். "கேளுங்க, இதையும் அவன் சொன்னானா?"

மேடம் கண்ணாடியை மேலே ஏற்றி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கியோகோ தன் கணினியில் சோங்காவின் பழைய அறிக்கையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தான். "சரியா வருது மேடம்," என்றான் மெதுவாக.

"நீதான் எழுதினவ. தெரிஞ்சுபோச்சு," என்றார் மேடம். "ஆனா அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு மணிக்கே கடிதம் குடுத்துட்டோம். கையெழுத்தும் போட்டுட்டான்."

"அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பட்டியல்ல பேர் இருந்துச்சு."

நெகேசா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. மேடம் கையை உயர்த்தினார்.

"உக்காரு. இன்னொரு இடம் நான் வாங்கித் தரேன், அது என் பொறுப்பு. திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேருங்க. அவனுக்கு நல்லாப் பேச வருது, வாடிக்கையாளர் முன்னாடி நிறுத்த ஒருத்தன் வேணும். தேடிக் கண்டுபிடிக்க ஒருத்தி வேணும். சோங்கா பத்தின நம்ம ஆய்வறிக்கையை அந்த வாரமே வெளியிடணும். நீ எழுது."

"திருடினவனை வச்சுக்குவீங்களா?"

"எனக்கு வேலை நடக்கணும்மா."

"அறிக்கையில யார் பேர் வரும்?"

மேடம் அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பயிற்சிக்கு வர்றவங்க பேரெல்லாம் வராது. என் பேர்தான் வரும். அறிக்கை வெளியிடற உரிமம் என்கிட்டதான் இருக்கு."

"அப்படின்னா அவன் மேல உங்களுக்கு என்ன கோபம் இருக்கப் போகுது!" என்றாள் நெகேசா. குரல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே. "அவன் காலையில எடுத்தான், நீங்க மத்தியானம் எடுக்கறீங்க. மூணு மணி நேரம் முன்னாடி வந்துட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். நடந்தது நான். ஒவ்வொரு கடையிலயும் நாயைத் துரத்தற மாதிரி துரத்தினாங்க, திட்டு வாங்கினது நான்!"

கியோகோ தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து வருடமாக அங்கே எழுதுகிறவன் அவன். எந்த அறிக்கையிலும் அவன் பேர் வந்ததில்லை என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

மேடமின் முகம் சிவக்கவுமில்லை, சுருங்கவுமில்லை. இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவர் போலிருந்தது. "பேசி முடிச்சியா? இடம் வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

வேண்டாம் என்று சொல்லிக் கதவை அறைந்துவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! போகலாம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் பட்டியல் ஒட்டுவார்கள், பயிற்சி இடம் கிடைக்காதவர்கள் பேரைச் சிவப்பு மையில் எழுதுவார்கள், முகாம்பி வந்து தோளைத் தட்டி வருத்தப்படுவான். அந்தக் கையை நினைத்ததும் உடம்பு எரிந்தது.

"வேணும்," என்றாள்.

மேடம் கடிதத்தில் அவள் பேரை எழுதி நீட்டினார். நெகேசா கையெழுத்துப் போட்டாள். போட்ட வேகத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. பேனாவைக் கியோகோவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமை அவன் பக்கத்துல எனக்கு நாற்காலி போடாதீங்க," என்றாள். "நேர் எதிர்ல போடுங்க. தெனமும் அவன் என் மூஞ்சியைப் பாத்துத்தான் வேலை செய்யணும்."