புறா தின்ற கோடு

அரிசி மாவால் கோடு போட்டது என்னுடைய யோசனைதான். அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. அன்றைக்கு நான் செய்த மற்றக் காரியத்தைத்தான் கன காலம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடை. லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பெரிய புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இளங்கதிர் விளையாட்டுக் கழகம் அங்கே வலை கட்டிக் கரப்பந்து, அதாவது வொலிபோல், விளையாடும். நான், ஸ்ரீஸ்கந்தராஜா, கழகத்தின் செயலாளர். எனக்கு விளையாட வராது. சத்தம் போட நன்றாக வரும். ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊராக இருந்த வெற்றிமுரசுக் கழகத்தாரும் அதே புல்வெளிக்கு, அதே நேரத்துக்கு, அதே மரத்தடிக்கு வருவார்கள். இவ்வளவு பெரிய லண்டனில் வேறு இடமா இல்லை என்று கேட்காதீர்கள். வேலிச் சண்டை போட்டுப் பழகியவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பொழுது போகாது.

கவுன்சிலில் பூங்காக்களுக்குப் பொறுப்பான பெண்மணி, கோடை முழுவதற்கும் ஒரு கழகத்துக்குத்தான் அனுமதி, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார். பாவம், எங்களை அவருக்குத் தெரியாது. மூன்று கூட்டம் பேசினோம். உட்கார்ந்திருந்த கதிரைகளில் ஒன்று உடைந்தது. கடைசியில் விளையாடியே தீர்ப்பது, வென்றவருக்கு நிலம் என்று முடிவானது.

நான் துணிந்து ஒப்புக்கொண்டதற்குக் காரணம் யாக்கோப்பு. அவன் எங்கள் ஊரவன் அல்ல, மன்னார்க்காரன். ஒரு நாள் எங்கள் பந்து வழி தவறி உருண்டு போனபோது, பாதையில் நின்ற மெலிந்த பெடியன் ஒருவன் அதைத் தூக்கிப்போட்டு ஒரு அடி அடித்தான். பந்து நேரே வலைக்கு மேலால் வந்து எங்கள் ஆட்களின் நடுவில் விழுந்தது. ஊரவர் மட்டுமே அங்கத்தவர் என்ற எங்கள் விதியை அந்த இடத்திலேயே காற்றில் விட்டேன். ஆறு இரவும் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடிப்பவன். ஞாயிறு காலை வேலை முடித்து, சட்டையை மாற்றிக்கொண்டு நேராக மைதானத்துக்கு வருவான். வலையோரம் எழும்பினான் என்றால் மற்றவர்கள் இறங்கிய பிறகும் அவன் மேலே நிற்பான். நான் எத்தனையோ ஆட்டக்காரரைப் பார்த்தவன். அப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. கிழமையில் அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் அவன் சிரிப்பான்.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை அவன் ஒரு கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அகதி கேஸ் முடிவு. நான் குசினி மேசையில் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னேன். அவனுடைய தமையனைக் கொண்டுபோனது, அவனை அடைத்து வைத்தது, அவன் தப்பி வந்தது, எல்லாவற்றையும் எழுதி, இவை நம்பத்தக்கவையாக இல்லை என்று முடித்திருந்தார்கள்.

"ஒண்டையும் நம்பேல்லையோ, அண்ணை?"

"நம்பேல்லை. அப்பீல் போடலாம். நான் எழுதித் தாறன்."

அவன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"ஞாயிறு மட்ச் இருக்குத்தானே?" என்று கேட்டான். என் மனைவி கமலாம்பிகை அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனால் எல்லைக்கோடு போட ஒன்றுமில்லை. வழக்கமாகக் கயிறு இழுத்து முளை அடிப்போம். புல்லில் முளை அடிக்கக்கூடாது என்று கவுன்சில் சொல்லிவிட்டது. கோடு போடும் தூள் விற்கும் கடை ஞாயிறு பூட்டு. நான் வீட்டுக்கு ஓடினேன். கமலாம்பிகை புட்டுக்கென்று வறுத்து வைத்திருந்த மா, குறுணலோடு, ஒரு பெரிய வாளி நிறைய இருந்தது.

"கோலம் போட உங்களுக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று அவள் வாசல் வரை வந்து கத்தினாள்.

கோடு பளிச்சென்று விழுந்தது. வெற்றிமுரசின் கப்டன் குலசேகரம்கூட, "பரவாயில்லை, செயலாளருக்கு மூளை இருக்கு" என்றான். நடுவர் கோபாலகிருஷ்ணன் மாஸ்டர். இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாதவர் என்பதால் தேடிப் பிடித்தது. கோட்டுக்கு ஒவ்வொரு கழகத்திலிருந்தும் ஒருவர்: எதிர்ப்பக்கப் பின்கோட்டில் நான். பந்து உள்ளே விழுந்தால் கை நிலத்தைக் காட்டவேண்டும். வெளியே என்றால் கையை மேலே தூக்கவேண்டும்.

முதல் ஆட்டம் எங்களுக்கு. அதற்குள் முதல் புறா வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் லண்டன் புறாக்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வந்து இறங்கின. துரத்தினால் பறக்கும், நான் பந்தைப் பார்க்கத் திரும்பினால் மறுபடி கொத்தும். ஒரு நாய் வேறு வந்து மூலையை நக்கியது. வாளியில் மிச்சமிருந்ததைக் கொட்டினோம்; அதுவும் போனது. இரண்டாவது ஆட்டத்தை அவர்கள் வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் முடியும் நேரம் என் பின்கோட்டில் மூலைக்கொரு வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தது. நடுவில் வெறும் புல்.

பதினாலுக்குப் பதின்மூன்று. சேர்விஸ் எங்களுடையது. இன்னும் ஒரு புள்ளி விழுந்தால் நிலம் எங்களுக்கு. பந்து நாலு தரம் போய் வந்தது. பிறகு யாக்கோப்புக்கு உயர்த்திக் கொடுத்தார்கள். அவன் எழும்பி அடித்தான். பந்து எல்லோரையும் தாண்டி வந்து என் காலடியில் புல்லில் குத்தியது.

நான் பார்த்தேன். இரண்டு பொட்டுக்கும் நடுவே மனதில் கோடு இழுத்துப் பார்த்தேன். நாலு விரல் வெளியே.

என் கை நிலத்தைக் காட்டியது.

"உள்ளுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

குலசேகரம் பாய்ந்து வந்தான்.

"கோடு எங்கை? கோட்டைக் காட்டு!"

"புறாவிட்டைக் கேள்!"

மாஸ்டர் விசிலை ஊதினார். கோட்டில் நிற்பவர் சொன்னது சொன்னதுதான், புள்ளி இளங்கதிருக்கு என்றார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டார்கள். யாக்கோப்பு மட்டும் வலைக்குக் கீழால் குனிந்து இந்தப் பக்கம் வந்தான். பந்து விழுந்த இடத்தில் பாதத்தை வைத்தான்.

"மாஸ்டர், இஞ்சைதான் விழுந்தது. வெளியிலை."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலச் சட்டப்படி அவர்களுக்குப் புள்ளி இல்லை, எங்கள் சேர்விஸ் மட்டும் பறிபோனது. அடுத்த மூன்று புள்ளியையும் அவர்கள் எடுத்தார்கள். பதினாறுக்குப் பதினாலு. நிலமும் போனது.

திரும்பும்போது வான் வண்டியில் யாக்கோப்புக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கள்ளம் பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் அது. மற்றக் கோபத்தைவிடச் சூடானது.

"உனக்கென்ன விசரோ? மாஸ்டரே குடுத்திட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை எங்கை போய் விளையாடப் போறாய்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, அந்தக் கடிதத்தை நீங்கள்தானே வாசிச்சனீங்கள்."

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"நான் பொய் சொல்லுறன் எண்டு எழுதியிருக்கினம். ஒரு பந்துக்காக அதை உண்மையாக்கச் சொல்லுறியளோ?"

அந்தப் பெடியனைவிட எனக்குப் பத்து வயது கூட. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்தால் கமலாம்பிகை வெறும் வாளியைத்தான் பார்த்தாள். நான் மாவைப் பற்றி மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

புதன்கிழமை குலசேகரம் போன் எடுத்தான். நக்கலடிக்கப் போகிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"ஸ்ரீ அண்ணை, ஞாயிறு ஹரோவிலையிருந்து ஒரு டீம் வருகுது. யாக்கோப்பைக் கோட்டிலை நிக்க அனுப்புங்கோ."

"அவன் எங்கடை ஆள்."

"எங்கடை ஆளை நிப்பாட்டினா ஹரோக்காரர் நம்பமாட்டினம். உங்களை நிப்பாட்டினா ஒருத்தரும் நம்பமாட்டினம்," என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அவன் எண்டா எங்கடை பெடியள் வாயே திறக்கமாட்டாங்கள், அண்ணை. நான் கேட்டுப் பாத்திட்டன்."

யாக்கோப்பிடம் சொன்னேன். "நிக்கிறன். பிறகு ஒரு கேம் விளையாட விடுவினமோ?" என்று மட்டும் கேட்டான். விடுவார்கள் என்றேன். விடாவிட்டால் கதிரை உடையும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு குலசேகரம் கடைத் தூளால் கோடு போட்டிருந்தான். அதனாலென்ன, மழை பெய்து பாதி கரைந்துவிட்டது. கடைசி ஆட்டம், பதினாலுக்குப் பதின்மூன்று, இந்தத் தரம் வெற்றிமுரசின் சேர்விஸ். குலசேகரமே எழும்பி அடித்தான். பந்து கரைந்த கோட்டோரம் சேறு தெறிக்க விழுந்தது. உள்ளே என்று பாதிப் பேர், வெளியே என்று பாதிப் பேர் கத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி யாக்கோப்பைப் பார்த்தார்கள்.

அவன் கையை மேலே தூக்கினான். வெளியே.

குலசேகரம் பந்தைப் பொறுக்கி ஹரோக்காரருக்கு எறிந்தான். இரண்டு டீமும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய் நின்றன. எங்கள் சனம் ஒரு தீர்ப்பை வாய் பேசாமல் ஏற்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவனிடம் தூள் பட்டுவிட்டது என்றேன், அதுவும் பொய்தான்.

மாஸ்டர் விசில் ஊதி அடுத்த சேர்விசுக்குக் கை காட்டினார். யாக்கோப்பு மட்டும், யாராவது மறுப்பார்கள் என்று காத்திருப்பவன்போல, இன்னும் கையை இறக்காமல் நின்றான்.