நல்லதா, கெட்டதா?

கருத்துக்கணிப்பு வேலையில் சேர்ந்த புதிதில் அவளை ஒரு தையல்கடைக்கு அனுப்பினார்கள். கேள்வியை எழுதியிருப்பதுபோலவே வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"முதலாளித்துவம் நல்லதா, கெட்டதா?"

"கெட்டது," என்றார் தையல்காரர் பட்டென்று. "முன்னாடி எனக்கு ஒரு முதலாளி இருந்தான். நினைச்சாலே வயிறு எரியுது."

"இப்ப இங்க நீங்கதானே முதலாளி?" என்றாள் பட்டன் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி.

அவர் மெஷினை நிறுத்தினார். "அட, ஆமா. நீங்க எந்த முதலாளியைக் கேக்கறீங்கம்மா?"

விளக்கம் கேள்வி கேட்க வந்தவளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க சார்."

"கெட்டதுன்னே இருக்கட்டும்."

"பொதுவுடைமை?"

"எங்க மாடியில பொதுக் கழிப்பறை ஒண்ணு இருக்கு. பொதுங்கற பேச்சே வேண்டாம்."

"ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் நடத்தணுமா?"

"பின்ன? இல்லாதவன் எங்க போவான்?"

அலுவலகத்தில் அவள் கொடுத்த படிவத்தைப் பார்த்த சூப்பர்வைசர் முகம் சுளித்தார். "ஒரு பதிலோட இன்னொண்ணு ஒட்டலையே. நீயே உக்காந்து நிரப்பிட்டியா?"

அவள் படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள். "வேணும்னா நீங்களே வந்து கேளுங்க சார்."

மறுவாரம் இருவரும் போனார்கள். அதற்குள் தலைமை அலுவலகம் வார்த்தைகளை மாற்றியிருந்தது; முதலாளித்துவம் 'தனியார் தொழில்' ஆகியிருந்தது, பொதுவுடைமை 'சோஷலிசம்' ஆகியிருந்தது. 'தனியார் தொழில்' நல்லதா என்று சூப்பர்வைசர் கேட்டார். நல்லது என்றார் தையல்காரர். 'சோஷலிசம்'?

"ஏழைக்கு நாலு நல்லது நடக்கும்னு சொல்வாங்க. அதுவும் நல்லதுதான்."

"போன வாரம் ரெண்டும் கெட்டதுன்னீங்களே!"

தையல்காரர் மிரண்டு போனார். "தப்பா சொல்லிட்டேனா சார்? கடைக்கு ஏதும் பிரச்சனை வருமா?"

"இவர் ரெண்டு தடவையும் மனசுல பட்டதைத்தான் சொன்னார்," என்றாள் மனைவி.

தெருவில் இறங்கியதும் சூப்பர்வைசர், "உன்னைச் சந்தேகப்பட்டது தப்பும்மா," என்றார். அவளுக்குப் பாரம் இறங்கியது. ஆனால் எந்தப் பதிலை அனுப்புவது என்று கேட்டபோது அவர் இரண்டு படிவங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் புதியதை அனுப்பினார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்து வந்த அறிக்கையில் முதலாளித்துவம், பொதுவுடைமை இரண்டுக்குமே ஆதரவு கூடியிருந்தது.

"ஜனங்க மனசு மாறிடுச்சா சார், இல்ல நாம கேட்டது மாறினதாலயா?"

சூப்பர்வைசர் அறிக்கையை இரண்டு முறை புரட்டினார். "எனக்கும் அதுதான்மா புரியல," என்றார்.