ஓரத்தைப் பாருங்க

கண்ணில் லென்ஸைச் செருகினால் கடைக்காரரின் முகம் பாதி சுருங்கி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கண்ணடிப்பது போலிருக்கும். பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்பது தொழில். தெருவில் அவருக்கு 'லென்ஸ்' என்றே பெயர். டயல் பிறந்தது முதல் அப்படியே இருக்கிறதா, பிற்பாடு யாராவது பெயின்ட் அடித்துப் புதுசாக்கியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். என்னிடம் காட்டினால் மணி மட்டும் சொல்வேன். அதுவும் கடிகாரம் ஓடினால்.

அன்று மதியம் ஒரு வாடிக்கையாளர் ஆசையோடு ஒன்றை நீட்டினார்.

"பெயின்ட் அடிச்சது சார்."

"எப்படிங்க? முகம் பார்க்கலாம் போல பளபளன்னு இருக்கே?"

"அதான் சந்தேகமே. உடம்பெல்லாம் கீறல், டயல் மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி. நடுவுல எவனும் நல்லாத்தான் அடிப்பான். ஓரத்தைப் பாருங்க, நிமிஷக் கோடெல்லாம் தடிச்சு வழிஞ்சு கிடக்கு."

வாடிக்கையாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். ஆனால் கடிகாரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டார். அத்தனை வெறுப்பு.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. உள்ளே அவள் அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "பொண்ணு ஒரு மாதிரி இருக்காளேங்க" என்று அம்மா காலையில் சொன்னதற்கு, "போகப் போக செட் ஆயிடும். மாப்பிள்ளை நான் பார்த்து எடுத்தது, ஒரிஜினல் பீஸ்" என்று சிரித்திருந்தார் லென்ஸ்.

மகள் காபி கொண்டுவந்தாள்.

"இதுல என்னப்பா தப்பு?" என்று மேஜையில் கிடந்த கடிகாரத்தைப் பார்க்கக் குனிந்தாள். லென்ஸைக் கழற்ற மறந்து அவர் திரும்பினார். அவள் கன்னம் கண்ணுக்கு வெகு அருகில் இருந்தது.

கன்னத்தில் பவுடர் கச்சிதம். காதுக்குக் கீழே வந்ததும் அது கோடு போட்டதுபோல் நின்றுவிட்டது. கோட்டுக்கு அப்பால் நீலமும் மஞ்சளுமாக, விரல் அகலத்தில் ஒரு தடம். அதை ஒட்டி இன்னொன்று.

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்ப்பா."

"கதவுக்கு விரல் இருக்கா?"

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன தடவையே சொன்னேனேப்பா, கை நீட்டுறார்னு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னீங்க. பண்ணிக்கிட்டேன்."

அவர் லென்ஸை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். ஊரான் கடிகாரத்தின் ஓரத்தையெல்லாம் உருட்டி உருட்டிப் பார்த்த கண் இது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. "கிளம்பலாமா?"

லென்ஸ் வாசலை மறித்து நின்றார். "பொண்ணு வரமாட்டா."

"இது எங்க குடும்ப விஷயம், மாமா."

"கை நீட்டாதவரைக்கும் குடும்ப விஷயம். இப்ப போலீஸ் விஷயம். அங்க வந்து பேசுங்க."

சிரிப்பு மட்டும் ஓரத்தில் உரிந்தது. மாப்பிள்ளை வந்த வழியே போனான்.

அம்மா பையோடு வாசலுக்கு வந்தாள். "நாலு பேர் என்னங்க சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்காகத்தான்டி இத்தனை நாளா நாம பெயின்ட் அடிச்சோம். அவ போட்டது பவுடர். அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு நான் சொன்னேன் பாரு, அதுதான் பெயின்ட். அடி வாங்கிட்டு வர்ற பொண்ணைத் திருப்பி அனுப்புற அப்பனும் அடிக்கிறவன்தான். துணியை வெளிய எடு."

மகள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பார்க்க லென்ஸ் தேவைப்படவில்லை.