கடைசி அலசல்

"வெறும் தண்ணிதானே ஊத்துனே? அது எப்படி ரோஸாவும்?"

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்."

"உள்ள ரத்தம் ஒட்டிகினு இருந்திருக்கும்."

"கழுவி வெச்ச குழாய். நீதான் கழுவினே."

பிரவின்குமார் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மாமல்லபுரத்துக் கடைகளில் விற்கும் சிப்பியின் உட்புறத்தைப் போல அழகான இளஞ்சிவப்பு. ஹம்சினி பக்கத்தில் இன்னொன்றைப் பிடித்தாள். அதே காய்ச்சி வடித்த தண்ணீர், அதே மருந்து, ஆனால் பெட்டி பிரித்த புதுக் குழாய். அதில் நிறமே இல்லை.

பொத்தேரியில், கல்லூரி ஆய்வகத்தின் ஒரே மேசையில் இருவரும் ஆராய்ச்சி செய்தார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் அந்த மருந்தை விட்டால், அதில் நைட்ரைட் என்ற உப்பு எவ்வளவோ அவ்வளவு ரோஸ் ஏறும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு நிறம் வெளுத்தும், நலமாக இருப்பவர்களுக்கு அடர்த்தியாகவும் வந்தது. அந்த வித்தியாசம்தான் அவர்களுடைய கட்டுரை. அதில் முதல் பெயர் பிரவினுடையது. திங்கட்கிழமை கல்பாக்கத்தில் அவனுக்கு இன்டர்வியூ. எடுத்துக் காட்ட அந்தக் கட்டுரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நோயாளிங்களுக்கு எதுல எடுத்தோம்?" என்றாள் ஹம்சினி.

"புதுக் குழாய்ல. கழுவினதை ஆஸ்பத்திரிக்குள்ள வுடமாட்டாங்களே."

"நல்லா இருக்கறவங்களுக்கு?"

"ஹாஸ்டல் பசங்கதானே. கழுவினதே போதும்னு நீயும்தான் சொன்னே."

"சொன்னேன். கடைசியா எதுல அலசினே?"

அவன் குழாயைத் தாங்கியில் வைத்தான். 2003இன் அந்தக் கோடையில் மின்சாரம் நொடிக்கொருதரம் போனது. காய்ச்சி வடித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

"போர் தண்ணியில. இன்னா பண்ணச் சொல்றே? வடிச்ச தண்ணி மருந்து கலக்கவே பத்தல."

ஹம்சினி குழாயடிக்குப் போய் ஒரு முகவையில் தண்ணீர் பிடித்து வந்தாள். ஹாஸ்டல் கழிவுத் தொட்டிக்கு அருகிலிருந்த போர்வெல்லின் தண்ணீர் அது; கழிவு ஊறும் தண்ணீரில் நைட்ரைட் சேரும். புதுக் குழாயில் ஊற்றி மருந்தை விட்டாள். இருவரும் குனிந்து காத்திருந்தார்கள். நிறம் மெல்ல எழுந்து, வாய்வரை பரவியது.

"சரிதான்," பிரவின் சிரித்துப் பார்த்தான். "பசங்க இல்ல, போர்வெல்தான் ரொம்ப ஆரோக்கியமா கீது."

அவள் சிரிக்கவில்லை.

"கொஞ்சூண்டுதான் ஏறியிருக்கும் ஹம்ஸு. அதைக் கழிச்சாலும் வித்தியாசம் நிக்கும்பா."

"நிக்கட்டும். நின்னா எனக்கும் சந்தோஷம்தான்."

நலமாக இருப்பவர்களில் எல்லோரையும்விட அதிக அளவு காட்டியது பிரவினுடைய ரத்தம். அதைச் சொல்லிச் சொல்லி அவன் ஆய்வகம் முழுக்க அலட்டிக்கொண்டதுண்டு. ஹம்சினி புது ஊசியைப் பிரித்தாள். புதுக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டு அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிரவின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தானைப் போட்டான்.

"திங்கக்கிழமை முடியட்டுமே," என்றான் ஜன்னலைப் பார்த்தபடி.

பஞ்சிலிருந்த ஸ்பிரிட் அவள் விரலில் ஆவியாகிச் சில்லிட்டது.

"இப்பவே பார்த்துடலாம்டா," என்றாள். "கையை நீட்டேன்."