கலனுக்கு நாற்பது மைல்

பெற்றோல் விலை ஏறிய வருடத்திலிருந்து அல்பிரட்டுக்குக் காரில் ஆள் ஏற்றுவதே பிடிக்கவில்லை. பாரம் குறையவேண்டுமென்று மொறிஸ் மைனரின் பின் ஆசனத்தைக் கழற்றிக் குசினிக்குள் போட்டான். பெற்றோல் குறைவாகப் போக காபரேட்டரில் சின்ன ஜெட் பூட்டினான். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. எச்சில் கையால் காகம் துரத்தாத குணம். அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் ராசமலர்.

அன்று காலை அவள் பிறந்த ஈச்சிலம்பற்றிலிருந்து ஆள் வந்தது. அவள் அப்பு என்று கூப்பிடும் தகப்பன் கந்தப்போடி செத்துப்போனார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அவளுடைய ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பெட்டி வாசல் படலையைத் தாண்டிவிட்டால் அப்புவின் முகம் அவளுக்கு இல்லை.

அன்புவழிபுரத்திலிருந்து புறப்பட்ட கார் மாட்டு வண்டிக்குப் போட்டியாக ஊர்ந்தது.

“கொஞ்சம் மிதியுங்கோவன்.”

“இருபத்தைஞ்சிலை ஓடினாத்தான் ஒரு கலன் பெற்றோலுக்கு நாற்பது மைல். செத்த மனிசன் எழும்பி ஓடப்போறானே?”

மாமா என்ற சொல் அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. அவனுடைய குரல்வளையைக் கடித்தால் என்னவென்று ராசமலருக்கு இருந்தது. வழியில் இறக்கம் கண்ட இடமெல்லாம் எஞ்சினை நிற்பாட்டி உருட்டினான். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து அவர்களை விலத்திக்கொண்டு போனான். அதற்கும் அவனுக்கு வெட்கமில்லை.

கிண்ணியாத் துறையடியில் பாதை புறப்பட நின்றது. வாகனங்களை அக்கரை சேர்க்கும் தட்டைப் படகுக்கு அங்கே அதுதான் பெயர். கரை இறக்கத்தைக் கண்டதும் அல்பிரட்டின் கை சாவிக்குப் போனது.

“நிப்பாட்டாதையுங்கோ!”

நிற்பாட்டினான். கார் சத்தமில்லாமல் உருண்டு ஏறுபலகைக்கு முன்னால் போய் நின்றது. இனி ஏற எஞ்சின் வேண்டும். அது இரண்டுதரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்னால் ஒரு லொறி ஹோன் அடித்தது.

“ஓரமாத் தள்ளுங்கோ ஐயா. மற்ற ஆக்கள் போகோணும்,” என்றான் பாதைக்காரன்.

நாலு பேர் காரைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அல்பிரட் பொனற்றைத் திறந்தான். “சூடு ஆறட்டும். அடுத்த பாதையிலை போவம்.”

“அடுத்த பாதைக்கு அப்பு சுடலையிலை.”

ராசமலர் இறங்கி லொறிக்கு ஓடினாள். லொறிக்காரர் அபூதாஹிர் நெல் ஏற்ற ஈச்சிலம்பற்று வழியாக வெருகலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“அப்புவின்ரை முகம் பாக்கோணும் காக்கா,” என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

“ஏறுங்க தங்கச்சி.”

“மானங்கெட்டவளே, கண்டவன்ரை லொறியிலை ஏறுறியோ?” அல்பிரட் கரையில் நின்று கத்தினான். “திரும்பி வர என்ரை கார்தானே வேணும் உனக்கு!”

அவள் ஏறிக் கதவை அடித்துச் சாத்த, லொறி பாதையில் ஏறியது.

ஈச்சிலம்பற்றில் பெட்டியை மூடப்போன நேரத்தில் அப்புவின் வீட்டு முற்றத்துக்குள் விழுந்தடித்து ஓடினாள். அப்புவின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். பிறகு ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினார்கள்.

அண்ணன் பெண்சாதி சிவகாமிப்பிள்ளை அவளைத் தாங்கிக்கொண்டாள். “அவர் எங்கை மச்சாள்?”

“துறையடியிலை நிண்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிறார்.” ராசமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எனக்கும் ஒரு பாய் எடுத்து வையுங்கோ. நான் இனி அங்கை போகமாட்டன்.”